கடலைப் பார்த்த பீரங்கிகள்

இரண்டாம் உலக மகா யுத்தத்தில் திருகோணமலைத் துறைமுகத்தைக் காத்து நின்ற கரையோரப் பீரங்கிகள் எதிரிக் கப்பல் ஒன்றையேனும் சுட்டதில்லை. அந்த எச்சங்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை பிரட்ரிக் கோட்டைக்குள்ளாலதான் போகுது. அங்கு மான்களைப் படம் பிடிக்கிற ஆக்கள் பீரங்கி மேடைகளைக் கவனிப்பது குறைவு. துறைமுக வாயிலில், ஒல்லாந்தர் கட்டிய ஒஸ்ரன்பேர்க் கோட்டை மேட்டில் ஹூட் கோபுர நூதனசாலை இருக்கிறது. அது கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி வேண்டும். மேலே ஏறி நின்று பாருங்கள்: வெளிக்குடாவும் உள்துறைமுகமும் ஒரே பார்வையில் விழும். பீரங்கிக்கு ஏன் இந்த மேட்டைத் தேர்ந்தார்கள் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் பிரித்தானியருக்குத் திருமலையின் பெறுமதி கூடியது. ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய யப்பானியர், 9ஆம் திகதி காலை நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களோடு இங்கே வந்தார்கள். சீனன்குடா விமானத்தளமும் கப்பல்துறையும் குண்டுக்கு இலக்காகின. விமானங்களை ஏவிய கப்பல்களோ பீரங்கிகளுக்கு எட்டாத தூரத்தில் நின்றன. தாக்குதலுக்கு முந்திய இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டனர்.

அப்ப அந்தப் பீரங்கிகள் வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கரையில் பீரங்கி இருக்குதென்றால் பகைக் கப்பல் கிட்ட வர யோசிக்கும். ஆனால் யுத்தம் கடல்வழியை விட்டு வான்வழிக்கு மாறிவிட்டிருந்தது.

பீரங்கிக்குப் பின்னால் நின்ற மனிதர்களையும் மறக்கலாகாது. இலங்கைக் காவற் பீரங்கிப் படையில் சேர்ந்தவர்கள் நம் நாட்டு இளைஞர்கள். அதே படையின் ஒரு பிரிவு கொக்கோஸ் தீவுகளில் இருந்த பீரங்கிகளுக்கு அனுப்பப்பட்டது. 1942 மே 8 இரவு அங்கே சிலர் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் அந்த ஓகஸ்ட் மாதம் தூக்கிலிடப்பட்டனர்.

கொங்கிரீட் இன்னும் பல காலம் நிற்கும். மனித ஞாபகம் அப்படி நிற்காது. சீனன்குடாவுக்கு அயலில் கிண்ணியா, குடாவுக்கு அப்பால் மூதூர். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. பிரித்தானியரின் ஆவணங்களில் கப்பல்களின் கணக்கு உண்டு. குண்டுச் சத்தம் கேட்டு நம்ம ஊர்ச் சனம் எந்தப் பக்கம் ஓடினது, எப்ப திரும்பி வந்தது என்ற கதையை அங்கே தேடிப் பயனில்லை. உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்தக் கேள்வியை இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள்.