ஜான்சி ராணிப் படை: வீரமும் உடம்பும்

ஜான்சி ராணிப் படை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் வீரம், தியாகம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது சரிதான். ஆனால் அந்த வீரத்தைச் சுமந்த உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 22-இல் அங்கே பெண்களுக்கான பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். 1938-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள்.

தோட்டத்துப் பெண்கள் உழைத்துப் பழகியவர்கள்தானே, பயிற்சி என்ன கஷ்டம் என்று கேட்கலாம். இங்கே ரிங்லெட் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்த பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். முதுகும் தோளும் அந்த வேலைக்குப் பழகியிருக்கும். அதற்காகப் பூட்ஸ் போட்டு, துப்பாக்கி தூக்கி, மைல் கணக்கில் நடக்கப் பாதம் தயார் என்று சொல்ல முடியாது. எலும்பு தனக்குப் பழகிய பாரத்துக்கே வலுப்படும். புதுப் பாரத்துக்குப் பழக அதற்கு நாள் வேண்டும்.

இதை முதலில் கவனித்தவர் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்தவுப்ட். நெடுநடை போன வீரர்களின் பாதம் வீங்குவதை அவர் 1855-இல் எழுதினார். அது பாத எலும்பில் விழும் மெல்லிய விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. அடி விழவில்லை, தடுக்கி விழவில்லை. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப நடந்ததே காரணம்.

1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது, ஜானகி தேவர் உள்ளிட்ட பெண்கள் பாங்காக் நோக்கி நாள்கணக்கில் நடந்தார்கள். காரில் ஏற மறுத்து உடன் நடந்த நேதாஜியின் பாதமும் கொப்புளித்துப் போனது. போரில் வேறு வழியில்லை. பயிற்சியில் வழி இருக்கிறது.

இன்றைய இயன்முறை மருத்துவம் சொல்வது எளிது: தூரத்தையும் சுமையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இடையில் ஓய்வு நாள் கொடுங்கள், சாப்பாடு, தூக்கம் குறையக் கூடாது. சீருடை இயக்கப் பொறுப்பாசிரியர்களே, எலும்பில் ஒரே இடத்தில் வலிக்கிறது, நடந்தால் கூடுகிறது என்று மாணவி சொன்னால் 'சோம்பேறி' என்று விரட்டாதீர்கள். நடையை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மாணவர்களே, அடுத்த முறை இந்தத் தலைப்பில் எழுதும்போது பயிற்சியின் கடுமைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அந்தப் பெண்கள் என்ன தாங்கினார்கள் என்று தெரிந்தால்தான் அவர்கள் வீரத்தின் அளவும் தெரியும்.