எலும்பு கூடிய பிறகும் வலி



செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்தவரையும், பால் வெட்டும்போது சறுக்கிக் கை ஒடிந்தவரையும் நாம் பார்த்திருக்கிறோம். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும், "அந்த மாத்திரை இல்லாமல் முடியவில்லை" என்று சிலர் தவிக்கிறார்கள். ஏன்? இதற்கு விடை அபினியின் சரித்திரத்தில் இருக்கிறது.

நம் கோலா குபு பாருவுக்கு முன்னிருந்த பழைய கோலா குபு, ஈயத்தால் வளர்ந்த ஊர். 1883-ல் அணை உடைந்து வெள்ளத்தில் சிக்கிய ஊர். அக்கால மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சேற்றில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர், உடல்வலிக்கும் காய்ச்சலுக்கும் அபின் புகைத்தார்கள். அது பாட்னா, காசிப்பூர் பக்கத்து ஆலைகளிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்ற ஆட்சிக்கு, சில ஆண்டுகளில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்தே கிடைத்தது! 1907-ல் விசாரணைக் குழு அமைத்தார்கள். 1910-ல் அங்கே குத்தகை ஒழிந்தது. விற்பனை ஒழியவில்லை, அரசாங்கமே கடை நடத்தியது. முழுத் தடையைப் பிரிட்டன் அறிவித்தது 1943 நவம்பரில்தான். அப்போது நாடு ஜப்பானியர் கையில் இருந்தது.

அபினியிலிருந்து பிரித்தெடுத்ததே மார்ஃபின். பெத்திடின், டிராமடோல் முதலியவை செயற்கையாகச் செய்யப்பட்டவை. வேலை அதே வேலைதான். முறிவு வலிக்குச் சில நாள் இவை பெரிய உதவி. நாள் நீண்டால் உடம்பு பழகிவிடும், அளவு கூடும்.

1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே இங்கே என்ன செய்யும்? போதைப் பழக்கத்தை எந்தப் படமும் காட்டாது. முறிவின் குறுக்கே புது எலும்பு பாலம் போட்டிருப்பதைக் காட்டும். அப்படியிருந்தும் மாத்திரை தவணைக்கு முன்பே தீர்ந்து, வேறு வேறு கிளினிக்கில் கேட்டு வாங்கினால் டாக்டர் யோசிப்பார். வயிற்றுப் படத்தில் மலம் தேங்கியிருப்பது தெரியலாம். இம்மருந்துகள் குடலை மந்தமாக்கும். ஊசி போட்டுக்கொள்பவருக்கு உடைந்த ஊசிமுனை தசைக்குள் தெரிவதுண்டு. இரத்தத்தில் கிருமி ஏறி முதுகெலும்பை அரித்திருந்தால் எம்.ஆர்.ஐ. படம் சீக்கிரமே காட்டிவிடும்.

ஆனால் படம் நோயாளிக்கும் சாட்சி சொல்லும். எலும்பு கூடாமலோ உள்ளே சீழ் வைத்தோ இருந்தால், அவர் கேட்டது போதையை அல்ல, நிவாரணத்தை. வலி என்கிறவரை உடனே 'போதைக்காரன்' என்று லயத்தில் பேசுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: ஓயாத தூக்கக் கலக்கம், கடுகாய்ச் சுருங்கிய கண்மணி, மருந்து நின்றால் கொட்டாவி, மூக்கொழுகல், நடுக்கம். மூச்சு மந்தமாகி உதடு நீலம் பாரித்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்கு 2005 முதல் நம் நாட்டில் அரசாங்கமே மெத்தடோன் சிகிச்சை நடத்துகிறது. முன்பு அரசாங்கக் கடையில் அபின் வாங்கினார்கள். இப்போது அரசாங்கக் கிளினிக்கில், மேற்பார்வையில், அளந்து கொடுத்த மருந்தைக் குடிக்கிறார்கள்.