நேரடிச் சதுரங்கப் போட்டிகளில் ஏமாற்றுதல்

நேரடிச் சதுரங்கப் போட்டிகளில் ஏமாற்றுதல் என்பது, இரு வீரர்கள் ஒரே பலகையின் முன் எதிரெதிரே அமர்ந்து ஆடும் போட்டியில், விதிகள் அனுமதிக்காத வழியில் ஒருவர் ஆதாயம் தேடுவதைக் குறிக்கும். இணையவழி ஆட்டங்களில் நடக்கும் மோசடியிலிருந்து இது வேறுபட்டது. இங்கே நடுவர், எதிராளி, பார்வையாளர் ஆகிய அனைவரின் கண்முன்னே ஆட்டம் நடைபெறுகிறது. அப்படியிருந்தும் மோசடிகள் நிகழ்ந்துள்ளன.

இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வீரர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே தீர்மானித்தல். இரண்டாவது, தொட்ட காயை நகர்த்தாமல் விடுவது போன்ற விதி மீறல்கள். மூன்றாவது, ஆட்டத்தின் நடுவே வெளியிலிருந்து உதவி பெறுதல். கணினிகள் மனிதரை விஞ்சிய பிறகு மூன்றாவது வகையே பெரும் சிக்கலாக உருவெடுத்துள்ளது.

இயந்திரத்துக்குள் மனிதர்

சதுரங்க வரலாற்றின் புகழ்பெற்ற ஏமாற்று வேலை ஒரு போட்டியில் நடந்ததன்று. அது ஒரு காட்சிப்பொருள். 1770-இல் வொல்ஃப்காங் வொன் கெம்பலன் என்பவர் வியன்னா அரசவையில், பேரரசி மரியா தெரேசாவின் முன், தானே சதுரங்கம் ஆடும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார். துருக்கியர் உடையணிந்த பொம்மை ஒன்று பெட்டியின் பின்னால் அமர்ந்து காய்களை நகர்த்தியது. பெட்டியின் கதவுகளைத் திறந்து, உள்ளே பற்சக்கரங்கள் மட்டுமே இருப்பதாகக் காட்டுவார்கள். உண்மையில் அதற்குள் ஓர் ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார். பெஞ்சமின் பிராங்கிளினும் நெப்போலியனும் இதனுடன் ஆடியுள்ளனர். பல பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்ற இப்பொம்மை 1854-இல் பிலடெல்பியாவில் ஏற்பட்ட தீயில் அழிந்தது.

அக்காலத்தில் மனிதரை வெல்ல இயந்திரத்துக்கு மனித மூளை தேவைப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழானது.

பேசிவைத்த ஆட்டங்கள்

கணினிக்கு முந்தைய காலத்தில் வெளி உதவியால் பெரிய பயன் இல்லை. முன்னணி வீரர் ஒருவருக்கு அவரைவிடத் திறமையாக வழிகாட்டக் கூடியவர்கள் உலகிலேயே ஒரு சிலர்தாம் இருந்தனர். ஆகவே அக்கால முறைகேடுகள் பெரும்பாலும் வீரர்களுக்கிடையேயான கூட்டாகவே அமைந்தன.

இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு, 1962-இல் கரீபியன் தீவான குரசாவோவில் நடந்த வேட்பாளர் போட்டி. உலக வாகையருடன் மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் இப்போட்டியில் எட்டுப் பேர் கலந்துகொண்டனர். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் நான்கு முறை ஆட வேண்டும். சோவியத் வீரர்களான திக்ரான் பெத்ரோசியன், பவுல் கெரெஸ், எஃபிம் கெல்லர் ஆகிய மூவரும் தமக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் சமனில் முடிந்தன. அவற்றின் சராசரி நீளம் சுமார் 19 நகர்த்தல்கள் மட்டுமே. இதனால் மூவரும் தம் ஆற்றலைப் பிறருக்கு எதிரான ஆட்டங்களுக்குச் சேமித்து வைக்க முடிந்தது. போட்டி முடிவில் முதல் மூன்று இடங்களும் அவர்களுக்கே கிடைத்தன.

நான்காம் இடம் பெற்ற அமெரிக்க வீரர் பாபி பிஷர், ரஷ்யர்கள் உலகச் சதுரங்கத்தைத் தம் கைக்குள் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு விளையாட்டு இதழில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அவர் முதலிடத்தைவிட மூன்றரைப் புள்ளிகள் பின்தங்கியிருந்தார். எனவே கூட்டு இல்லாவிட்டாலும் அவர் வென்றிருப்பார் என்று சொல்ல முடியாது. ஆயினும் அவருடைய குற்றச்சாட்டு வீண்போகவில்லை. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு (ஃபிடே) 1965 முதல் வேட்பாளர் போட்டியை இருவர் இருவராக மோதும் வெளியேற்று முறைக்கு மாற்றியது. ஒருவரையொருவர் வென்றே தீர வேண்டிய முறையில் இத்தகைய கூட்டுக்கு இடமில்லை.

தொட்ட காயும் தயிர்க் கிண்ணமும்

தொட்ட காயை நகர்த்த வேண்டும், கையை எடுத்துவிட்டால் நகர்த்தலை மாற்றக்கூடாது என்பது சதுரங்கத்தின் அடிப்படை விதி. 1994-இல் ஸ்பெயினின் லினாரெஸ் நகரில் காரி காஸ்பரோவ், 17 வயது யூதித் போல்காருக்கு எதிராகக் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, மனம் மாறி, வேறு கட்டத்துக்கு நகர்த்தினார். இடையில் அவருடைய விரல்கள் ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் காயை விட்டு விலகியதை ஒளிப்பதிவு காட்டியது. தாம் கையை எடுத்ததை உணரவில்லை என்றார் காஸ்பரோவ். போல்கார் அந்த நேரத்தில் நடுவரிடம் முறையிடவில்லை. ஆட்டத்தைக் காஸ்பரோவ் வென்றார்.

சான்றே இல்லாத ஐயங்களும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் நடந்த உலக வாகையர் போட்டியின்போது, அனத்தோலி கார்ப்பொவுக்கு ஆட்டத்தின் நடுவே ஒரு கிண்ணம் தயிர் கொண்டுவரப்பட்டது. அதன் நிறமோ நேரமோ ஒரு குறிப்பாக இருக்கலாம் என்று விக்தர் கோர்ச்னோய் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. இன்று நகைப்பாகத் தோன்றினாலும் அந்த வாதத்தில் ஒரு நியாயம் உண்டு: வீரருக்கு ஒரு சிறு குறிப்பே போதும். இந்த இடத்தில் ஒரு வெற்றி வாய்ப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்துவிட்டால், அது எது என்பதைத் திறமையான வீரர் தாமே கண்டுபிடித்துவிடுவார்.

கணினியின் வருகை

1993-இல் பிலடெல்பியாவில் நடந்த வேர்ல்ட் ஓப்பன் போட்டியில், தரப்புள்ளி இல்லாத ஒருவர் ஜான் வொன் நியூமன் என்று பெயர் கொடுத்து ஆடினார். அது கணினியியலின் முன்னோடிகளுள் ஒருவரான கணித அறிஞரின் பெயர். காதில் ஒலிக்கருவி அணிந்திருந்த அவர், ஐஸ்லாந்து கிராண்ட்மாஸ்டர் ஹெல்கி ஒலாஃப்சனுடன் சமன் செய்தார். அவருடைய சட்டைப்பை அவ்வப்போது ரீங்கரித்தது. ஐயம் கொண்ட நடத்துநர்கள் எளிய சதுரங்கக் கேள்விகளைக் கேட்டபோது அவரால் விடை சொல்ல முடியவில்லை. அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

1997 மே மாதம் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, உலக வாகையர் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. டீப் புளூ பெரிய அலமாரிகளை நிறைத்த இயந்திரம். ஆனால் வீட்டுக் கணினிகளும் கிராண்ட்மாஸ்டர்களுக்கு ஈடுகொடுக்கத் தொடங்கின. பின்னர் அதே திறன் சட்டைப்பைக்குள் அடங்கும் கைப்பேசிக்கு வந்தது.

2006-ஆம் ஆண்டு நிகழ்வுகள்

2006-இல் ரஷ்யக் கூட்டமைப்பின் கல்மீக்கியா குடியரசிலுள்ள எலிஸ்தா நகரில், விளாதிமிர் கிராம்னிக்கும் வெசெலின் தோப்பலோவும் உலகப் பட்டத்துக்காக மோதினர். நான்கு ஆட்டங்களின் முடிவில் கிராம்னிக் 3–1 என முன்னிலையில் இருந்தார். அப்போது தோப்பலோவின் மேலாளர் சில்வியோ தனாயிலோவ், கிராம்னிக் அடிக்கடி கழிப்பறைக்குச் செல்வதாகவும் கண்காணிப்புக் கருவி இல்லாத இடம் அது ஒன்றே என்றும் புகார் அளித்தார். முறையீட்டுக் குழு வீரர்களின் தனிக் கழிப்பறைகளை மூடியது. இதை ஏற்காத கிராம்னிக் ஐந்தாம் ஆட்டத்தை ஆட மறுத்தார். அந்த ஆட்டம் தோப்பலோவுக்கு அளிக்கப்பட்டது. பின்னர் போட்டி தொடர்ந்து 6–6 எனச் சமனாகி, விரைவு ஆட்டங்களில் கிராம்னிக் வென்றார். அவர் ஏமாற்றினார் என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் தில்லியில் நடந்த தரவரிசைப் போட்டி ஒன்றில், வீரர் ஒருவரின் தொப்பிக்குள் ப்ளூடூத் கருவி தைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வெளியே கணினியுடன் இருந்த கூட்டாளிகள் நகர்த்தல்களைத் தெரிவித்துள்ளனர். அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குப் பத்து ஆண்டுத் தடை விதித்தது. எலிஸ்தாவில் ஐயம் இருந்தது, கருவி இல்லை. தில்லியில் கருவியே கையில் கிடைத்தது. இந்த வேறுபாடு பின்வந்த வழக்குகள் அனைத்திலும் முதன்மை பெற்றது.

மூவர் கூட்டணியிலிருந்து தனிநபருக்கு

2010-இல் ரஷ்யாவின் காந்தி-மான்சீஸ்க் நகரில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது பிரெஞ்சு அணியைச் சேர்ந்தவர்கள் நவீன முறையைக் கையாண்டனர். பிரான்சில் இருந்த சிரில் மார்சோலோ கணினியில் நகர்த்தல்களை ஆராய்ந்து, தொலைபேசி எண்களைப் போலத் தோன்றும் குறுஞ்செய்திகளாக அனுப்பினார். ஆட்டக்கூடத்தில் இருந்த அணிப் பயிற்றுநர் அர்னோ ஹோஷார், குறிப்பிட்ட மேசைகளின் பின்னால் நின்று, எந்தக் கட்டம் என்பதைத் தாம் நிற்கும் இடத்தாலேயே உணர்த்தினார். பலகையில் ஆடியவர் செபஸ்தியன் ஃபெல்லர். பிரெஞ்சுக் கூட்டமைப்பே இதைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தது. 2012-இல் ஃபிடே, ஹோஷாருக்கு 3 ஆண்டுகளும், ஃபெல்லருக்கு 2 ஆண்டு 9 மாதங்களும், மார்சோலோவுக்கு 1 ஆண்டு 6 மாதங்களும் தடை விதித்தது.

இந்தத் திட்டத்துக்கு மூன்று பேர் தேவைப்பட்டனர். கூட்டாளிகள் மிகும்போது தடயங்களும் மிகும். இங்கும் குறுஞ்செய்திகளே காட்டிக்கொடுத்தன. அடுத்த சில ஆண்டுகளில் கூட்டாளியே தேவைப்படாத நிலை வந்தது.

2015 ஏப்ரலில் துபாய் ஓப்பன் போட்டியில் ஜார்ஜியாவின் கயோஸ் நிகாலிட்சே ஒரே கழிப்பறைக்குத் திரும்பத் திரும்பச் செல்வதை எதிராளியான ஆர்மீனிய கிராண்ட்மாஸ்டர் கவனித்துப் புகார் அளித்தார். கழிப்பறையில் காகிதத்தால் மூடி மறைக்கப்பட்ட கைப்பேசி கிடைத்தது. அதில் அந்த ஆட்டமே ஆராயப்பட்டுக்கொண்டிருந்தது. இரு முறை தம் நாட்டின் வாகையராக இருந்த அவருக்கு 3 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பறிக்கப்பட்டது.

2019 ஜூலையில் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் இகோர்ஸ் ரௌசிஸ் பிடிபட்டார். 58 வயதில் 2686 தரப்புள்ளிகளுடன் உலகின் முதல் 100 பேருள் மிக மூத்தவராக இருந்தவர் அவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகு தரப்புள்ளிகள் இவ்வளவு உயர்வது மிக அரிது என்பதால் அவர்மீது முன்பே ஐயம் இருந்தது. கழிப்பறையில் அவர் கைப்பேசியைப் பயன்படுத்தும் படம் வெளியானதும் தவற்றை ஒப்புக்கொண்டார். ஃபிடே அவருக்கு 6 ஆண்டுத் தடை விதித்துப் பட்டத்தையும் திரும்பப் பெற்றது.

விதிகளும் கண்டறியும் முறைகளும்

கைப்பேசி தொடர்பான விதிகள் படிப்படியாகக் கடுமையாயின. 2003-இல் ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போதைய ஃபிடே உலக வாகையர் ருஸ்லான் பொனமாரியோவின் கைப்பேசி ஒலித்ததால் அவர் ஆட்டத்தை இழந்தார். 2014-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அனுமதியின்றி மின்னணுத் தொடர்புக் கருவியை ஆட்டக்கூடத்தில் வைத்திருப்பதே ஆட்டத்தை இழக்கப் போதுமானது. அது ஒலிக்க வேண்டியதில்லை. வீரரின் உடைகளையும் பைகளையும் தனியிடத்தில் சோதிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. சோதிப்பவர் வீரரின் பாலினத்தவராகவே இருக்க வேண்டும். பெரிய போட்டிகளில் உலோகம் கண்டறியும் கருவிகள் பயன்படுகின்றன. ஆட்டங்களைச் சில நிமிடங்கள் தாமதித்து ஒளிபரப்புவதும் ஒரு தடுப்பு முறை. நகர்த்தல்கள் உடனுக்குடன் தெரியாவிட்டால் வெளியிலிருப்பவர் உதவ முடியாது.

மற்றொரு வழி புள்ளியியல். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியரும் சதுரங்க வீரருமான கென்னத் ரீகன் இத்துறையில் முன்னோடி. ஒரு வீரரின் நகர்த்தல்கள் கணினியின் தேர்வுகளோடு எந்த அளவு ஒத்துப்போகின்றன, அவருடைய தரப்புள்ளி உடைய ஒருவரிடம் அவ்வளவு ஒற்றுமையை எதிர்பார்க்கலாமா என்பதை இம்முறை கணக்கிடுகிறது. இதற்கு வரம்பும் உண்டு. ஒவ்வொரு நகர்த்தலையும் கணினியிடம் கேட்பவர் இதில் எளிதில் சிக்குவார். ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை மட்டும் குறிப்புப் பெறும் கிராண்ட்மாஸ்டரைக் கணக்கு மட்டும் காட்டிக்கொடுப்பது கடினம். அதேபோல் ஒருவர் தம் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை நேர்மையாகவே ஆடியிருக்கவும் கூடும்.

ஐயமும் சான்றும்

2022 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சின்க்ஃபீல்டு கோப்பையில், உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சனை 19 வயது ஹான்ஸ் நீமன் வென்றார். மறுநாள் கார்ல்சன் போட்டியிலிருந்து விலகினார். பின்னர் ஓர் இணையவழிப் போட்டியில் நீமனுக்கு எதிராக ஒரே நகர்த்தலுடன் ஆட்டத்தைக் கைவிட்டார். நீமன் 12 வயதிலும் 16 வயதிலும் இணைய ஆட்டங்களில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டார். நேரடி ஆட்டங்களில் ஒருபோதும் அப்படிச் செய்ததில்லை என்று மறுத்தார். செஸ்.காம் நிறுவனம் வெளியிட்ட 72 பக்க அறிக்கை, அவர் நூற்றுக்கும் மேற்பட்ட இணைய ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கக்கூடும் என்றது. நேரடி ஆட்டங்களில் அவர் ஏமாற்றியதற்கு உறுதியான சான்று அந்த அறிக்கையிலும் இல்லை. நீமன் தொடுத்த 10 கோடி டாலர் இழப்பீட்டு வழக்கு தள்ளுபடியாகி, 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 2023 டிசம்பரில் ஃபிடேயின் ஒழுங்குக் குழு, தகுந்த காரணமின்றிப் போட்டியிலிருந்து விலகியதற்காகக் கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது. பிற குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது.

மேற்கண்ட வழக்குகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். தில்லி, துபாய், ஸ்திராஸ்பூர்க் ஆகிய இடங்களில் கருவியோ படமோ கிடைத்தது. காந்தி-மான்சீஸ்கில் குறுஞ்செய்திகள் கிடைத்தன. எனவே தண்டனையும் தெளிவாக அமைந்தது. எலிஸ்தாவிலும் செயின்ட் லூயிஸிலும் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயரோடு அந்த ஐயம் ஒட்டிக்கொண்டது. ஏமாற்றியதை மெய்ப்பிக்க ஒரு கைப்பேசி போதும். ஏமாற்றவில்லை என்பதை மெய்ப்பிக்க எதைக் காட்டினாலும் போதாது.

இதனால்தான் ஃபிடேயின் நேர்மை ஆட்ட விதிகள், ஏமாற்றுபவருக்குத் தண்டனை வழங்குவதோடு, அடிப்படையற்ற புகார் கூறுபவர்மீதும் நடவடிக்கை எடுக்க இடம் தருகின்றன. ஐயம் எழுந்தால் அதை எதிராளியிடமோ பொதுவெளியிலோ சொல்லாமல் நடுவரிடம் புகாராக அளிப்பதே உரிய வழி. சோதனைக் கருவிகள் கைப்பேசியைக் கண்டுபிடித்துவிடும். நன்றாக ஆடிய ஓர் இளம் வீரரின்மீது காரணமின்றி விழும் பழியைத் துடைக்க இதுவரை எந்தக் கருவியும் இல்லை.