காடு

கொங்கு நாட்டில் ‘காட்டுக்குப் போறேனுங்க’ என்றால் வனத்துக்கு அல்ல. சோளமோ கம்போ விதைத்த மானாவாரி நிலத்துக்கு. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வாய்க்கால் நீர் பாய்ந்தால் வயல். தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் வனத்தைக் குறிக்கும் பழஞ்சொல் இது. மரம் வெட்டி உழுத பின்னும் பழைய பெயர் நிலத்தோடு தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். கோவன்புத்தூர் என்ற கோவையின் பழம்பெயரிலும் ‘புத்தூர்’ புதுக்குடியிருப்பையே சொல்கிறது.

இப்படிப் புதிதாகக் குடியேறுவதற்கான உந்துதல் பெரும்பாலும் நிலம்தான். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் தந்தது. பழங்குடிகளிடம் பறித்த நிலம் அது.

கொங்கில் குடியேற்றத்துக்கு மேய்ச்சலும் ஒரு காரணம். காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள்: கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல், நடுவே காங்கேயம் மாடு.