மூன்று மில்லிமீட்டர் மேடு

"மாமா, ஹைவேக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல இவ்ளோ எடம் சும்மா கெடக்குது. ஒரு டிரைவ்-இன் தியேட்டர் வெச்சிரலாமா?"

அக்கா மகன் கேட்டது ஆம்பூர் பைபாஸ் ஓரத்து மனையைப் பற்றியல்ல. எங்கள் மாடி அறையில், பழைய கதவுப் பலகை ஒன்றின்மேல் நாங்கள் இருவரும் போட்டுவரும் குட்டி ரயில் பாதையைப் பற்றி. பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி என்று நான்கு ஸ்டேஷன். ஒரு பக்கம் பாலாறு, மறுபக்கம் நெடுஞ்சாலை. ஆறு வறண்டது என்பதால் செய்வது சுலபமாக இருந்தது.

பெருமைப்பட வேண்டிய பாதை இது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்தில் புறப்பட்டு வாலாஜா ரோடு வரை வந்தது. அந்தத் தடம்தான் பிறகு காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீண்டு ஜோலார்பேட்டையைத் தொட்டது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் முதல் இன்றைய ஷூ வரை எங்கள் பக்கத்துப் பிழைப்பெல்லாம் இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தது.

பலகையில் இருப்பது ஹெச்ஓ அளவு. நிஜத்தை 87ஆல் வகுத்தால் வருவது. ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டிப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை. ஒரு சைஸில் போட்ட பேட்டர்னைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும்தானே எங்கள் வேலை. நாலேகால் மீட்டர் நீள அம்பாசிடர் இங்கே 5 சென்டிமீட்டர். சராசரி மனிதர் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆம்பூர் – வாணியம்பாடி தூரத்தைச் சரியான அளவில் போட்டால் தெருவையே வளைக்க வேண்டும் என்பதால் அதில் மட்டும் நேர்மையை விட்டுவிட்டோம். தண்டவாளத்திலும் ஒரு பொய் உண்டு. கடையில் வரும் தடத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது வெளிநாட்டு ரயிலின் அளவு. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19க்கு மேல் வரும். ஆக எங்கள் ஏலகிரி எக்ஸ்பிரஸ் மூன்று மில்லிமீட்டர் ஒடுங்கித்தான் ஓடுகிறது. இந்த மூன்று மில்லிமீட்டர் பின்னால் வேறு ரூபத்தில் திரும்பி வரும்.

"நம்ம ஊருல ஏதுடா டிரைவ்-இன்?" என்றேன்.

"மெட்ராஸ்ல இருந்துச்சே மாமா."

இருந்தது. அதிலும் இரண்டு விதம். கதீட்ரல் ரோட்டில் 1962ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காருக்குள் உட்கார்ந்து தோசை தின்னலாம். இன்று அந்த இடம் செம்மொழிப் பூங்கா. படம் பார்க்கும் டிரைவ்-இன் என்றால் ஈ.சி.ஆரில் ஈஞ்சம்பாக்கத்துப் பிரார்த்தனா. அங்கே போன குடும்பங்கள் காருக்குள் அடைந்து கிடக்கவில்லை. டிக்கியைத் திறந்து, பாயை விரித்து, டிபன் கேரியரைப் பிரித்து, கடற்காற்றில் படம் பார்த்தன. அமெரிக்கச் சரக்கு, நம்மிடம் வந்ததும் திருவிழாத் திடலாகிவிட்டது.

அந்தச் சரக்கு பிறந்த கதையைப் பையனுக்குச் சொன்னேன். நியூ ஜெர்சியின் கேம்டன் நகரத்துக்காரர் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட். கார் பராமரிப்புச் சாமான்கள் விற்கும் குடும்பம். உடல் பருத்த அவருடைய அம்மாவுக்குத் தியேட்டர் நாற்காலி தோதுப்படவில்லை, அதனால்தான் இந்த யோசனையே வந்தது என்று சொல்வார்கள். வீட்டு வாசலில் இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டினார். கார் முகப்பின்மேல் புரொஜெக்டரை வைத்தார். துணிக்குப் பின்னால் ரேடியோவைப் பாட விட்டார். மழை வந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க, தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் கண்ணாடிமேல் திருப்பிவிட்டார்.

இதெல்லாம் எளிதாக முடிந்தது. முன்னால் நிற்கும் கார்தான் பின்னால் நிற்பவருக்குத் திரையை மறைத்தது. முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டைகளைச் செருகிச் செருகிப் பார்த்தார். காரின் மூக்கு சற்றுத் தூக்கினால், முன்வரிசைக் காரின் கூரைக்கு மேலாகத் திரை தெரிந்தது. அந்தச் சரிவுக்கும் வரிசை அமைப்புக்கும்தான் 1933 மே 16ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். மூன்றே வாரத்தில், ஜூன் 6ஆம் தேதி, கேம்டனை ஒட்டி உலகின் முதல் டிரைவ்-இன் திறந்தது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எத்தனை பேர் ஏறி வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் இல்லை. 1950களின் கடைசியில் அந்த நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன.

காப்புரிமை நிலைக்கவில்லை. 1949ல் பாஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. முன்னால் இருப்பவர் மறைக்காதபடி தரையைச் சரிவாக்குவது நாடக அரங்குகளில் காலங்காலமாக உள்ளதுதான், அதைக் காருக்குப் பொருத்திவிட்டால் புதுக் கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம்.

படித்தபோது சிரித்துவிட்டேன். அந்த நீதிபதிகள் எங்கள் டெண்டு கொட்டாய்க்கு ஒருமுறை வந்திருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். தரை டிக்கெட் வாங்கினவன் உள்ளே போனதும் முதல் காரியமாக இரண்டு கையாலும் மணலைக் கூட்டி, தன் உட்காருமிடத்தை மேடாக்குவான். பின்னால் இருப்பவன் திட்டிக்கொண்டே அவனைவிட உயரமாக ஒரு மேடு கட்டுவான். படம் போடுவதற்குள் கொட்டாய் முழுக்கக் கரையான் புற்றுபோல் மேடுகள். யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

நம் கூடார சினிமாவுக்கும் ரயிலுக்கும் ஒட்டுறவு வேறு உண்டு. திருச்சியில் தென்னிந்திய ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருளையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டக் கிளம்பினார். 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தமிழ்நாட்டு டூரிங் டாக்கீஸின் தாத்தா ஒரு ரயில்வேக்காரர். பொம்மை ரயில் பக்கத்தில் சினிமா வைக்க இதைவிட என்ன சாக்கு வேண்டும்? "சரிடா, வெக்கலாம்" என்றேன்.

திரைக்கு ஒரு பழைய செல்போன். ஐந்தரை அங்குலம், மூலையில் விரிசல், இயர்போன் துளை உள்ள காலத்துச் சரக்கு. படுக்கவைத்தால் திரை 12 சென்டிமீட்டர் அகலம், 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். 87ஆல் பெருக்கிப் பார்த்தோம். 35 அடிக்கு 20 அடி! அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது. ஷூ டப்பா அட்டையில் ஜன்னல் வெட்டி, பின்னால் ஐஸ்கிரீம் குச்சிகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம்.

ஆனால் போனை ஓடவிட்டதும் கடைக்குள் டிவி எரிவதுபோல் இருந்தது. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் சினிமாத் திரை வரவில்லை. ஷூவைச் சுற்றி வைக்கும் மெல்லிய வெள்ளைத் தாளை அதே டப்பாவிலிருந்து எடுத்து முன்னால் பிடித்தேன். அரை அங்குலம் தள்ளிப் பிடித்தால் படம் கரைந்து வெறும் நிறமாகிவிடுகிறது. கண்ணாடியோடு அழுத்தி ஒட்டினால் உருவம் தெளிகிறது, கண் கூசும் பளபளப்பு மட்டும் போகிறது. துணியில் விழுந்த படம் மாதிரியே இருந்தது.

அடுத்தது ஹாலிங்ஸ்ஹெட்டின் கட்டை. கார்களைச் சமதரையில் நிறுத்தி, பலகை மட்டத்துக்குக் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தோம். கடைசி வரிசைக்குத் திரையில் பாதி இல்லை. கணக்குப் போடுவதற்கு முன்பே கை டிராயருக்குப் போய்விட்டது. மூன்று மில்லிமீட்டர் இன்சோல் அட்டை. வளைவாகப் பட்டை பட்டையாக வெட்டி, தோலின் ஓரத்தைச் சீவுகிற அதே கத்தியால் பின்புறத்தை ஒன்றுமில்லாமல் சீவி, சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். முன்சக்கரம் மேட்டில், பின்சக்கரம் தரையில். மூன்றே மில்லிமீட்டரில் எல்லாக் கார்களும் அண்ணாந்தன. ரயிலின் அகலத்தில் விட்ட மூன்று மில்லிமீட்டரைக் காரின் உயரத்தில் ஈடு கட்டிவிட்டோம்.

தரைக்குப் பாலாற்று மணல் போடலாம் என்று ஆசை. போட்டால் பாறைக்காடு. அரை மில்லிமீட்டர் மணல் இந்த அளவில் நான்கு சென்டிமீட்டர் ஜல்லி அல்லவா! தோல் தேய்க்கும்போது வரும் பஃபிங் தூள் மாவுபோல் இருக்கும், கொண்டுவரட்டுமா என்றார் டேனரி நண்பர். குரோம் போட்ட தோலின் தூள், பிள்ளை கைபடும் இடத்தில் வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996ல் உச்ச நீதிமன்றமே வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் சொல்லியாயிற்று. அதைப் பலகைமேலும் கொட்டுவானேன்? செங்கல்லை இடித்து வேட்டித் துணியில் சலித்தோம். செம்மண் தரை அமைந்தது.

ஒலியில் ஒரு அதிசயம். நிஜ டிரைவ்-இன்னில் திரையருகே ஸ்பீக்கர் வைத்தால், நூறு மீட்டர் தள்ளியிருப்பவருக்குச் சத்தம் மூன்றில் ஒரு பங்கு வினாடி தாமதமாகப் போகும். உதடு முன்னால், வசனம் பின்னால். இதைத் தீர்க்கத்தான் பிற்காலத்தில் காருக்கொரு ஸ்பீக்கரும் அப்புறம் எஃப்எம் ரேடியோவும் வந்தன. எங்கள் பலகையில் கடைசிக் கார் ஒன்றேகால் சாண் தூரம்தான். பெரியவர்கள் திண்டாடிய பிரச்சினை இங்கே பிறக்கவே இல்லை.

படத்தை யார் ஓட்டுவது? இது பையனின் மூளை. இயர்போன் பட்டனை அமுக்கினால் படம் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். அந்தப் பட்டனின் இரண்டு முனைகளிலும், காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும் ரீட் ஸ்விட்சைப் பற்றவைத்துத் தண்டவாளத்துக்கு நடுவே புதைத்தான். என்ஜின் வயிற்றில் ஒரு பொட்டுக் காந்தம். ரயில் கடந்ததும் படம் தொடங்கியது. இருவரும் கைதட்டினோம்.

அடுத்த சுற்றில் ரயில் வந்ததும் படம் நின்றது. பட்டனை இரண்டாம் முறை அமுக்கினால் நிற்கும் என்பதை மறந்துவிட்டோம். மூன்றாம் சுற்றில் மறுபடி ஓடியது. கூட்ஸ் வண்டியை மெதுவாக விட்டபோது காந்தம் ஸ்விட்ச்மேல் நின்று நிதானமாக நகர, பட்டனை வெகுநேரம் அமுக்கியதாக நினைத்துக்கொண்ட போன், "என்ன உதவி வேண்டும்" என்று பேச ஆரம்பித்துவிட்டது. பையன் முகம் வாடிப்போனது. "சர்க்யூட்ட மாத்தணும் மாமா."

"மாத்தாதடா. கூட்ஸ மட்டும் கொஞ்சம் வேகமா வுடு" என்றேன். டெண்டு கொட்டாயில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. முறுக்குக்காரனும் சோடாக்காரனும் அதை நம்பித்தான் பிழைத்தார்கள். எங்கள் தியேட்டருக்கு ரயில்தான் ஆபரேட்டர், இடைவேளை விடுவதும் அதுவே.

என்ன படம்? 1896ல் லூமியேர் சகோதரர்கள் ஸ்டேஷனுக்குள் ரயில் வருவதைப் படமாகக் காட்டினார்கள். நாங்கள் ஆம்பூர் பிளாட்பாரத்தில் நின்று, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஒன்றைப் படம் பிடித்தோம். இப்போது திரையில் நிஜ ரயில் பொம்மையளவில் ஓடும்போது, பின்னால் பொம்மை ரயில் நிஜமாக ஓடுகிறது.

கடைசியாக, கார்களுக்கு முன்னால் நான்கு விரற்கடை இடம் மிஞ்சியது. இன்னொரு வரிசை கார் வைக்கலாம் என்றான் பையன். நான் செங்கல் தூளைப் பசையில் குழைத்து, பல்குத்தும் குச்சியால் பன்னிரண்டு மேடு வைத்து, மேட்டுக்கொரு ஆளை உட்கார்த்தினேன். ஒருவன் மேடு மட்டும் மற்றதைவிடச் சற்று உயரம். அவன் நான்தான்.

உங்கள் வீட்டிலும் விரிசல் விட்ட போன் ஒன்று, ஷூ டப்பா ஒன்று கட்டாயம் இருக்கும். செய்து பாருங்கள். ஒரு சொல் மட்டும்: திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மேட்டைப் போடுங்கள்.