சுங்கானும் மாறும் சுவையும்

சுங்கானிற் புகைபிடிப்போரின் சுவை என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. தொடக்கத்தில் நறுமணமூட்டிய இனிய கலவையை நாடுபவர், சில ஆண்டுகளின் பின் புகைமணம் மிக்க கரிய கலவைக்கு மாறுவதும், ஈற்றில் மணமெதுவும் ஊட்டாத தனியிலையிலே நிறைவு காண்பதும் பலரிடத்துக் காணப்படும் வழக்கமாகும். இதனை நாவின் முதிர்ச்சி என்று அவர்கள் கருதுவர். ஆயினும், அக்கலவை ஒவ்வொன்றின் பின்னாலும் மண்ணும் நெருப்பும் மனித உழைப்பும் சேர்ந்த வரலாறு ஒன்றுண்டு.

இனிய கலவைகள் பலவற்றுக்கு அடிப்படையாயிருப்பது பேர்லி என்னும் இலை. 1864ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், நாற்றுகளிடையே வெளிறிய நிறமுடைய சில கன்றுகள் தோன்றின. அவற்றிலிருந்து பெருகியதே வெள்ளைப் பேர்லி. இவ்விலையில் இயற்கையான சர்க்கரை மிகக் குறைவு. ஆனால், பாகையும் வாசனைச் சாற்றையும் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். எனவே, புதிதாகப் புகைப்பவர் பெரும்பாலும் சுவைப்பது இலையையன்று. அதில் ஊட்டப்பட்ட இனிமையையே.

அடுத்து வருவது லத்தாக்கியா. சிரியாவின் துறைமுகப் பட்டினமொன்றின் பெயரே இதற்கும் பெயராயிற்று. உலர்ந்த இலைகளை வாசனை மரங்களின் புகையிலே நெடுநாள் பதப்படுத்துவதனால், அவை கருநிறமும் கடுமணமும் பெறுகின்றன. பிற்காலத்தில் சைப்பிரஸ் தீவும் இதற்குப் பெயர் பெற்றது. புகைபிடித்தல் மோப்பவுணர்வை மந்தமாக்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. ஆதலால், கடுமணத்தை நாடுவதற்கு அனுபவம் ஒன்றே காரணம் என்று கொள்வதற்கில்லை.

ஈற்றில் பலரும் வந்தடையும் வேர்ஜீனியா இலையே வரலாற்றில் இவற்றுள் முற்பட்டது. வேர்ஜீனியாவின் பழங்குடியினர் பயிரிட்ட புகையிலை கசப்பு மிக்கதாதலால் ஆங்கிலேயர் அதனை விரும்பவில்லை. ஸ்பானியரின் குடியேற்றங்களிலிருந்து வந்த இலையையே விரும்பினர். 1612ஆம் ஆண்டளவில் ஜோன் ரோல்ஃப் என்பவர் அவ்வினத்தின் விதையை ஜேம்ஸ்ரவுணிலே பயிரிட்டு வெற்றி கண்டார். 1604இல் புகையிலையைக் கண்டித்து நூலெழுதி, இறாத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த வரியை 6 சிலின் 10 பென்ஸாக உயர்த்திய முதலாம் ஜேம்ஸ் மன்னராலும் அச்சுவையைத் தடுக்க முடியவில்லை.

இன்றைய வேர்ஜீனியாவின் பொன்னிறத்துக்கு வேறொரு கதையுண்டு. 1839இல், வட கரோலைனாவில், ஸ்ரீபன் என்னும் அடிமைத் தொழிலாளி இலை உலர்த்தும் கொட்டிலிற் கண்ணயர்ந்தபோது நெருப்பு அணையும் நிலையை அடைந்தது. விழித்தெழுந்த அவர் அவசரமாகக் கரியை இட்டார். எழுந்த கடும் வெப்பத்தில் இலைகள் மஞ்சள் நிறமாயின என்பர். அந்நிறம் நல்ல விலை பெற்றது. தோட்டம் ஸ்ரீபனுக்குரியதன்று; அவரே பிறர் உடைமையாக இருந்தார்.

1964ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கை, சுங்கான் பிடித்தல் உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என உறுதிப்படுத்தியது. கலவை இனியதாயினும் கரியதாயினும் அதற்கு விலக்கில்லை. புகைப்பவரின் சுவை காலந்தோறும் மாறுகிறது. அச்சுவைக்காக உழைத்தவரும், அதனால் நோயுற்றவரும் செலுத்திய விலையோ மாறவில்லை.