இலங்கையில் பழைய பிரித்தானியக் கார்களின் பேணுகை

1940களின் இறுதியிலிருந்து 1960கள் வரை இலங்கைக்கு இறக்குமதியான மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பிரித்தானியக் கார்கள், பிறந்த நாட்டில் அவற்றின் உற்பத்தி நின்றபின்னும் பல பத்தாண்டுகள் ஓட்டத்தில் இருந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவை வாடகைக் கார்களாகவும் குடும்பக் கார்களாகவும் நீண்டகாலம் உழைத்தன. அக்காலத்துத் தகடு கெட்டியானது, ஆகவே கறள் பிடிக்கவில்லை என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் இக்கார்கள் எளிதாகக் கறள் பிடிப்பவை. கழற்றிப் பார்க்கவும் வெட்டி ஒட்டவும் கூடிய எளிய அமைப்பு, புதிய கார் வாங்க வழியற்ற சூழல், கராஜ்களில் வளர்ந்த கைத்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்தே அவற்றைக் காப்பாற்றின.

பின்னணி

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமானது. இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. தொடக்கத்தில் இதில் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இருந்தது. 1952இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனமாக இணைந்தபின் ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அது பின்னர் 948 ஆகவும் 1098 ஆகவும் வளர்ந்தது. ஒரே எஞ்சின் குடும்பம் பல கார்களில் பயன்பட்டதால், ஒன்றில் பழகிய மெக்கானிக் மற்றதிலும் துணிந்து கைவைக்க முடிந்தது.

1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வரும்வரை, ஏற்கெனவே நாட்டில் இருந்த கார்களே பெரும்பாலும் கைமாறி ஓடின. பாகம் தேய்ந்தால் கடைந்து செய்வது, தகடு உக்கினால் வெட்டி ஒட்டுவது என்ற பழக்கம் இக்காலத்தில் வேரூன்றியது.

கறள் பிடிக்கும் இடங்கள்

இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேரும்போது கறள் உண்டாகிறது. உப்பு இருந்தால் நீரின் மின்கடத்தும் தன்மை கூடி, அரிப்பு விரைவடைகிறது. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் கறள் அப்படியல்ல. உப்பி உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டும். பிரித்தானியாவில் பனிக்காலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பு கார்களை அரித்தது. யாழ்ப்பாணத்தில் கடற்காற்றும், சில இடங்களில் உவர்ப்பான கிணற்று நீரும் அதே வேலையைச் செய்தன. உவர்நீரால் காரைக் கழுவினால் அழுக்குப் போகும், உப்புத் தங்கிவிடும்.

ஒஸ்ரின் ஏ40 சோமசெற் காரின் உடல் தனிச் சட்டகத்தின் மேல் அமர்ந்தது. உடல் தகட்டில் ஓட்டை விழுந்தாலும் பாரத்தைத் தாங்குவது சட்டகமே. மொறிஸ் மைனரில் முழுத் தனிச் சட்டகம் இல்லை. உடலே பாரம் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதிகளும், முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்கே செல்லும் தாங்கியும், பின்பக்க வில்தகடுகள் பொருந்தும் இடங்களும் அதன் உயிர்நிலைகள். முன்சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனைகளும் அந்தக் குறுக்குத் தாங்கியின் பக்கமே பிணைக்கப்பட்டுள்ளன. இந்தப் பெட்டிகளுக்குள் நீரும் மண்ணும் புகுந்து தங்கினால் கறள் உள்ளிருந்து வெளியே வரும். பெயின்ற் கொப்பளித்துக் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி உக்கியிருக்கும்.

பேணும் முறைகள்

முதல் வேலை, நீர் தங்காமல் பார்ப்பது. கதவுகளின் அடியிலும் பெட்டிப் பகுதிகளிலும் உள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வைக்கவேண்டும். மாரிக்குப் பின் மட்காட்டின் உட்புறத்தில் அப்பிய சேற்றை நன்னீரால் கழுவி, கார் நன்றாகக் காய விடவேண்டும். காரின் அடிப்புறத்தில் கழிவு ஒயில் பூசும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அது நீரைத் தடுத்தாலும் றப்பர்ப் பாகங்களை ஊதச்செய்து கெடுக்கும், நிலத்தையும் மாசுபடுத்தும். மூடிய பெட்டிகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சுவது இதைவிடச் சிறந்த முறை.

இரண்டாவது, உக்கியதை மறைக்காமல் வெட்டி எடுப்பது. கறள் தின்ற தகட்டின்மேல் பசையை அப்பிப் பெயின்ற் அடித்தால் கார் சில மாதங்கள் அழகாக இருக்கும். உள்ளே கறள் தொடரும். நல்ல ரிங்கரிங் வேலையில், சுத்தமான உலோகம் தென்படும்வரை தகடு வெட்டப்பட்டு, அதே வளைவில் தட்டிச் செய்த புதிய தகடு ஒட்டப்படும். பாரம் தாங்கும் பகுதியை வெட்டுமுன் காரைச் சமநிலையில் முட்டுக்கொடுத்து நிறுத்துவது அவசியம். இல்லையெனில் உடல் வளைந்து, வேலை முடிந்தபின் கதவு பூட்டாது. மைனரின் நான்கு மட்காட்டுகளும் ஆணிகளால் பூட்டப்பட்டவை என்பதால் அவற்றை ஒட்டுவேலை இன்றியே கழற்றி மாற்றலாம்.

மூன்றாவது, கிறீஸ். மைனரின் முன்சில்லு திரும்பும் அச்சு, கீழ்ப்பகுதியில் ஒரு புரிமூட்டில் பொருந்துகிறது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து மூட்டுக் கழன்று, சில்லு மடிந்து கார் முன்பக்கம் விழும். சில நிமிட வேலையை விட்டதற்காக உயிர் போகக்கூடிய இடம் இது.

பொருளாதாரத் தடைக் காலம்

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடபகுதிக்குப் பெற்றோல், மின்கலம் முதலிய பொருட்கள் செல்வதை அரசு தடைசெய்தது. யாழ்ப்பாண வீதிகளில் சைக்கிளே முதன்மை வாகனமானது. ஓடிய மோட்டார் வாகனங்களில் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் தனியிடம் பெற்றன. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

இது முடிந்ததற்குக் காரணம் எஞ்சினின் தாழ்ந்த அமுக்க விகிதம். அக்காலக் கார்கள் பலவற்றில் அது 7க்கு 1 என்ற அளவை ஒட்டியிருந்தது. உயர்ந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் வேளைக்கு முன்னே வெடித்து எஞ்சினைத் தட்டச்செய்யும். குளிர்ந்த எஞ்சினில் அது எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மின்கலம் நலிந்திருந்தால், முன்பக்கத்தில் கம்பியைச் செருகிக் கையால் சுற்றி இயக்க முடிந்தது.

இதற்கு விலையும் இருந்தது. புகை மண்டியது, வால்வுகளில் கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. தலைப்பகுதியை அடிக்கடி கழற்றிக் கரி சுரண்டவேண்டியிருந்தது. சாதாரணச் சாவிகளால் செய்யக்கூடிய வேலை என்பதால் கார்கள் மீண்டும் மீண்டும் எழுந்து ஓடின. வசதியான காலத்தில் பழசென்று கழிக்கப்பட்டவை, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் வாகனங்களாயின.

பிரித்தானியாவில் மறுமதிப்பு

இதே கார்களுக்குப் பிரித்தானியாவில் வேறு வழியில் மதிப்புத் திரும்பியது. சார்ள்ஸ் வெயர் என்பவர் 1970களில் பாத் நகரில் மொறிஸ் மைனர் மையத்தைத் தொடங்கினார். காரை வீடுபோலக் கருதி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பழுதுபார்த்துவந்தால், புதிய கார் வாங்கி அதன் பெறுமதியை இழப்பதைவிடச் செலவு குறைவு என்று அவர் வாதிட்டார். 1982இல் இதைப் பற்றி நூலும் எழுதினார். பின்னர் இலங்கையின் தென்பகுதியில் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்யும் தொழிற்கூடம் ஒன்று இவருடைய முயற்சியுடன் இணைந்தது. பிரித்தானியாவிலிருந்து வந்த காருக்கு, இலங்கைக் கைகள் செய்த தகடுகள் பிரித்தானியாவுக்குப் போயின.

இன்றைய நிலை

2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் வடக்கில் புதிய வாகனங்கள் பெருகின. எஞ்சிய பழைய கார்கள் சேகரிப்பாளர்களிடமும் கல்யாண ஊர்வலங்களிலும் அதிகம் தென்படுகின்றன. இன்றைய கார்களின் நாகம் பூசிய தகடுகளும், முழு உடலையும் தொட்டியில் அமிழ்த்திப் பூசும் அடிப்பூச்சும் கறளை நன்றாகத் தடுக்கின்றன. விபத்தில் அவை பயணிகளைக் காப்பதும் கூடுதல்; பழைய கார்களில் மோதலை உள்வாங்கும் அமைப்பு இல்லை.

ஆனால் பழைய கார்களைக் காத்த வேலை பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. எந்த இடத்தில் சுத்தியலால் தட்டினால் எந்தச் சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு உள்ளே தகடு எவ்வளவு மிச்சம் என்பதை மூத்த தொழிலாளியிடம் நின்று பழகியே அறியமுடியும். கராஜ்களில் அந்தப் பயிற்சி நின்றால், கொட்டகைகளில் எஞ்சியிருக்கும் கார்களையும் கறள் தின்றுவிடும்.